எம்மி பட்டியலில் இல்லாத பிரிவுகளுக்கு என் விருதுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 செப்டம்பர் 14ஆம் தேதி நடந்த, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களுக்கான 77ஆவது எம்மி விருது விழாவைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். யாருக்கு என்ன விருது என்பதையெல்லாம் தவறில்லாமல் போட்டிருந்தீர்கள். ஆனால் அந்தத் தொடர்களை ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்த எனக்கு அந்தப் பட்டியல் போதவில்லை. சிறந்த நடிகர், சிறந்த கதை, சிறந்த இயக்கம் என்று பிரிவுகள் இருக்கின்றன, சரி. ஒரு தொடர் முடிந்து ஆறு மாதம் கழித்தும் திடீரென்று ஒரு காட்சி ஞாபகத்துக்கு வந்து நெஞ்சைப் பிசைகிறதே, அதற்கு எந்தப் பிரிவில் விருது கொடுப்பது? பல வருடங்களாகத் தொடர் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்கிறேன். பிடித்த காட்சி வந்தால் நிறுத்திவிட்டு இரண்டு வரி எழுதுவேன். சீசன் முடிந்ததும் அந்த நோட்டைப் புரட்டி நானே விருது கொடுப்பேன். இதுவரை வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் வாசித்துக் காட்டியது, இந்த முறை உங்களுக்கு எழுதுகிறேன். எம்மி கணக்குப்படி 2024 ஜூன் 1 முதல் 2025 மே 31 வரை வந்தவைதான் இந்த சீசன், நானும் அதையே எல்லையாக வைத்துக்கொண்டேன். கதையைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் விருது ஒரு கொட்டாவிக்கு.

'அடலசன்ஸ்' என்ற இங்கிலாந்துத் தொடர், மொத்தமே நான்கு எபிசோட். கூடப் படித்த பெண்ணைக் குத்திக் கொன்றதாக 13 வயதுப் பையனைக் கைது செய்கிறார்கள், அதுதான் கதை. ஒவ்வொரு எபிசோடும் நடுவில் ஒரு வெட்டுகூட இல்லாமல் ஒரே டேக்கில் எடுத்தது. மூன்றாவது எபிசோடில் அந்தப் பையன் ஜேமியும் மனநல நிபுணராக வரும் ஒரு பெண்ணும் ஒரு அறையில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவுதான் எபிசோட். ஜேமியாக நடித்த ஓவன் கூப்பர் அதற்கு முன் கேமரா முன்னால் நின்றதே இல்லை, படப்பிடிப்பில் முதலில் எடுத்ததும் இந்த மூன்றாவது எபிசோடைத்தான். பேச்சு இறுகிக்கொண்டே போகிற ஒரு இடத்தில் பையன் கொட்டாவி விடுகிறான். அது எழுதி வைத்த கொட்டாவி இல்லை, திரும்பத் திரும்ப எடுத்ததில் உண்மையிலேயே களைத்துப் போய் வந்தது. எதிரில் இருந்த எரின் டோஹர்ட்டி ஒரு நொடிகூடத் தடுமாறாமல் 'நான் பேசுவது சலிப்பாக இருக்கிறதா' என்று கேட்கிறார். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது பாருங்கள், பிடிபட்ட குழந்தையின் சிரிப்பு. அதுவரை இவன் செய்திருப்பானா, செய்திருக்க மாட்டானா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நான் அந்த ஒரு நொடியில் கணக்கை மறந்துவிட்டேன். நாம் பார்ப்பது அந்த எபிசோடின் 11ஆவது டேக். ஓவன் கூப்பருக்கு 15 வயதில் எம்மி கிடைத்தது, நடிப்புக்காக எம்மி வாங்கிய ஆண்களில் அவன்தான் மிக இளையவன். டோஹர்ட்டிக்கும் கிடைத்தது. இருவருக்கும் சேர்த்து என் விருது அந்தக் கொட்டாவிக்கும் அதைத் தூக்கிப் பிடித்த அந்தக் கேள்விக்கும்.

அதே எபிசோடில் இன்னொன்று. அந்த மனநல நிபுணர் ஒரு சாண்ட்விச்சில் பாதியைக் கொண்டுவந்து பையனிடம் கொடுப்பார், அவன் ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிடுவான். எல்லாம் முடிந்து, அவன் கத்திக்கொண்டே போன பிறகு, அவர் தனியாக அந்த அறையில் நிற்கிறார். கடித்த சாண்ட்விச்சைத் தொட்டுவிட்டுக் கையைச் சட்டென்று இழுத்துக்கொள்கிறார். வசனமே கிடையாது. இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்த பயமும் அருவருப்பும் இரக்கமும் அந்த விரல் நுனியில் வந்து நிற்கின்றன. சிறந்த கை நடிப்பு என்று ஒரு பிரிவு நோட்டில் உண்டு, அதில் இந்த சீசனில் போட்டியே இல்லை.

அப்புறம் கேமராவைச் சுமந்தவர்கள். ஒளிப்பதிவுக்கும் அந்தத் தொடருக்கு எம்மி கொடுத்தார்கள், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் ஒரே டேக் என்றால் ஒரே ஆள் தூக்கிக்கொண்டு நடந்திருப்பார் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். மாத்யூ லூயிஸும் லீ டேவிட் பிரௌனும் ஓடுகிற ஓட்டத்திலேயே கேமராவைக் கைமாற்றிக் கைமாற்றி எடுத்திருக்கிறார்கள். இரண்டாவது எபிசோடின் முடிவில் அதே கேமராவை ட்ரோனில் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள், அது ஊருக்கு மேலே போய், கொலை நடந்த இடத்தில் இறங்குகிறது, அங்கே ஆட்கள் அதைப் பிடித்துக் கழற்ற, பூங்கொத்தோடு வந்து நிற்கும் அப்பாவின் முகத்துக்கு அருகே போய் நிற்கிறது. இதற்கிடையில் எங்கேயும் வெட்டு இல்லை. அந்த எபிசோடில் நாம் பார்ப்பது 13ஆவது டேக். முதல் எபிசோட் இரண்டாவது டேக்கிலேயே அமைந்துவிட்டது, கடைசி எபிசோடுக்கு 16 டேக் ஆனது. ஒரு மணி நேரத்தில் 50ஆவது நிமிடத்தில் ஒருவர் கால் தடுக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த நிலையில் கேமராவை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறாரே, அந்த ஒதுங்கலுக்கு ஒரு விருது.

இதே சீசனில் 'தி ஸ்டுடியோ' என்ற நகைச்சுவைத் தொடரில் ஒரு எபிசோட் வந்தது. ஒரே டேக்கில் காட்சி எடுக்க ஒரு படக்குழு திண்டாடுவதுதான் கதை, அதையும் ஒரே டேக் போலவே காட்டியிருந்தார்கள். அந்தத் தொடர் 13 எம்மி வாங்கியது, ஒரு நகைச்சுவைத் தொடர் ஒரே வருடத்தில் இத்தனை வாங்கியது இதுவே முதல் தடவை. எனக்கு அந்த ஒரு எபிசோட் போதும், மற்றவை அவ்வளவாக ஒட்டவில்லை.

இந்த சீசனில் என் மனதில் முதல் இடம் 'தி பிட்' தொடருக்கு. பிட்ஸ்பர்க் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு, காலை ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் ஒரே ஒரு ஷிஃப்ட், 15 எபிசோட், ஒரு எபிசோடுக்கு ஒரு மணி நேரம். 2025 ஜனவரி 9 முதல் ஏப்ரல் 10 வரை, முதல் நாள் இரண்டும் பிறகு வாரத்துக்கு ஒன்றுமாக விட்டார்கள். பின்னணி இசை அநேகமாகக் கிடையாது, அதனால் எங்கே அழ வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை, நாமாகத்தான் அழுகிறோம். தலைமை மருத்துவராக வரும் நோவா வைலி 1994இல் ஆரம்பித்த 'ஈஆர்' தொடரில் கற்றுக்குட்டி மாணவராக வந்தவர். அதற்காக ஐந்து முறை பரிந்துரை செய்தார்கள், ஒரு முறைகூட எம்மி கொடுக்கவில்லை. இந்த வருடம் கொடுத்தார்கள். மேடையில் நின்று, இன்று ராத்திரி ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கும் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் இது என்று சொன்னார். கேட்டதும் எழுந்து நின்று கைதட்டினேன்.

ஆனால் என் விருது நான்காவது எபிசோடில் வரும் ஒரு காட்சிக்கு. வயதான அப்பாவின் உயிர் போய்க்கொண்டிருக்கிறது. மகனும் மகளும் பக்கத்தில் இருக்கிறார்கள், என்ன பேசுவது என்று தெரியவில்லை, விட்டுவிடவும் மனம் வரவில்லை. நோவா வைலி நடிக்கும் டாக்டர் ராபி அவர்களிடம் ஹவாய் மக்களிடையே இருக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்லித்தருகிறார். நான்கே வாக்கியம். உங்கள் மேல் எனக்குப் பாசம் உண்டு. உங்களுக்கு நன்றி. உங்களை மன்னித்துவிட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள். மகனும் மகளும் தடுமாறித் தடுமாறி அப்பாவிடம் அதைச் சொல்கிறார்கள். என் அப்பா போன நாளில் நாங்கள் இரண்டு பேர் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றோம், தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தேன், அவரால் பதில் சொல்ல முடியாது என்று தெரிந்தும் கேட்டேன். அந்த நேரத்தில் சொல்வதற்கு வாக்கியங்கள் உண்டு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த எபிசோட் முடிந்ததும் நோட்டில் அந்த நான்கையும் எழுதினேன், அன்று வேறு எதுவும் எழுதவில்லை.

அதே தொடரில் ஒரு காத்திருப்பு விருதும் உண்டு. காலையில் நெஞ்சு வலி என்று வந்த ஒருவரைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஒரு எபிசோடில் எழுந்து வந்து கேட்கிறார், அடுத்ததில் கத்துகிறார், நாம் அவரை மறந்துபோகிறோம், மறுபடியும் வருகிறார். ஒன்பதாவது எபிசோடில், வெளியே வந்து ஒரு நிமிடம் மூச்சு வாங்க நின்ற தலைமை நர்ஸ் டேனாவின் முகத்தில் குத்திவிட்டுப் போகிறார். இத்தனை மணி நேரமும் நாமும் அந்தக் கூடத்தில் இருந்தோம், அந்தக் கோபம் சேர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், ஆனாலும் குத்து விழும்போது தூக்கிவாரிப் போடுகிறது. டேனாவாக நடித்த கேத்ரின் லனாசாவுக்கு எம்மி கிடைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். குத்து வாங்கிய பிறகும் அவர் வேலைக்குத் திரும்பி, அதே குரலில் அடுத்தவர்களை விரட்டி வேலை வாங்குகிறார், அந்தக் குரலில் மட்டும் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது. அதை எப்படிச் செய்தார் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

துப்பாக்கிச் சூட்டில் அடிபட்டவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் எபிசோடுகளில், ரத்தத்துக்குத் தட்டுப்பாடு வரும்போது டாக்டர் ஆபட் தன் ரத்தத்தையே ஒரு பையில் இறக்கிக்கொண்டு, அந்தப் பையைக் காலில் கட்டியபடியே மற்றவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறார். யாரும் நின்று அதைப் பாராட்டுவதில்லை, கேமராவும் அதன் மேல் தங்குவதில்லை, போகிற போக்கில் தெரிகிறது. ஆபட்டாக நடித்த ஷான் ஹாடோசிக்குக் கௌரவ நடிகர் எம்மி கிடைத்தது. கேமரா தங்காமல் போனதற்கு நான் தனியாக ஒன்று கொடுக்கிறேன், ஏனென்றால் வேறு தொடராக இருந்தால் அந்தப் பையை மூன்று கோணத்தில் காட்டி வயலின் வாசித்திருப்பார்கள்.

'செவரன்ஸ்' இரண்டாம் சீசனுக்காக நான் காத்திருந்த காலம் இரண்டே முக்கால் வருடம். முதல் சீசன் 2022 ஏப்ரல் 8இல் முடிந்தது, இரண்டாவது 2025 ஜனவரி 17இல்தான் ஆரம்பித்தது. நடுவில் 2023இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் 148 நாளும் நடிகர்கள் 118 நாளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்காகத் தள்ளிப்போன எந்தத் தொடரின் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. நாம் ராத்திரி உட்கார்ந்து பார்ப்பதை எழுதுகிறவருக்கு வீட்டு வாடகை கட்ட முடிய வேண்டும், அதைக் கேட்டுத்தான் அவர்கள் தெருவில் நின்றார்கள்.

அந்தத் தொடரின் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மூளையில் ஒரு சிப்பு வைத்து, ஆபீசுக்குள் இருக்கும் ஆள் வேறு, வெளியே வாழும் ஆள் வேறு என்று ஒரே உடம்பை இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பவனுக்கு வெளியே தனக்கு வீடு இருப்பதே தெரியாது. கடைசி எபிசோடில் வெளியே இருக்கும் மார்க்கும் உள்ளே இருக்கும் மார்க்கும் ஒரு சின்ன வீடியோ கேமராவில் மாறி மாறிப் பதிவு செய்து பேசிக்கொள்கிறார்கள். வெளியே இருப்பவனுக்கு உள்ளே அடைபட்ட மனைவியை மீட்க வேண்டும், அதற்கு உள்ளே இருப்பவனின் உதவி வேண்டும். நல்லவனாகத்தான் பேசுகிறான், கனிவாகத்தான் கேட்கிறான். ஆனால் உள்ளே இருப்பவன் உயிராக நேசிக்கும் ஹெல்லியின் பெயரை ஹெலெனி என்று மாற்றிச் சொல்லிவிடுகிறான். அந்த ஒரு எழுத்துப் பிசகில் உள்ளே இருப்பவனின் முகம் மூடிக்கொள்கிறது. என்னை நீ ஒரு ஆளாகவே நினைக்கவில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது, நமக்கும் புரிந்துவிட்டது. இரண்டு பேரும் ஆடம் ஸ்காட்தான். எதிரில் ஆளே இல்லாமல் நடித்த சண்டை அது. எம்மியில் அவர் நோவா வைலியிடம் தோற்றார், இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள், அதனால் அந்த முடிவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெயரை மாற்றிச் சொன்ன அந்த ஒரு நொடிக்கு என் நோட்டில் இடம் உண்டு.

அதே தொடரில் ஏழாவது எபிசோடை இயக்கியவர் ஜெசிகா லீ கான்யே. அந்தத் தொடரின் ஒளிப்பதிவாளர் அவர், இயக்கியது இதுதான் முதல் தடவை. அதுவரை புகைப்படத்தில் மட்டும் வாழ்ந்த மனைவி அந்த எபிசோடில்தான் ரத்தமும் சதையுமாக ஒரு பெண் ஆகிறாள். வெயில் விழுந்த பழைய நாட்களும், ஜன்னல் இல்லாத அறைகளும் மாறி மாறி வருகின்றன. வெளிச்சத்தை வைத்தே ஒரு கல்யாண வாழ்க்கையைச் சொல்லிவிட்டார். முதல் படைப்புக்கான விருது அவருக்கு, யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது 'ஸ்டார் வார்ஸ்' உலகத்தில் நடக்கும் 'ஆண்டோர்' தொடர் விஷயத்தில். இரண்டாம் சீசன் 12 எபிசோட், மூன்று மூன்றாக நான்கு வாரம் விட்டார்கள், ஒவ்வொரு மூன்றும் ஒரு வருடக் கதை. முதலில் ஐந்து சீசன் எடுப்பதாகத்தான் தொடரை உருவாக்கிய டோனி கில்ராய் நினைத்திருந்தார், அதை இரண்டாகச் சுருக்க வேண்டி வந்தது. அதனால் ஒரு வருடத்தில் நடந்த முக்கால்வாசியை நமக்குக் காட்டாமலே தாண்டிப் போகிறார்கள், காட்டாததையும் நாம் முகங்களில் படிக்கிறோம். டான் கில்ராய்க்கு எழுத்துக்கான எம்மி கிடைத்தது, நல்லது. ஆனால் அந்தத் தொடரில் முகம் தெரிய நடித்தவர்களில் ஃபாரஸ்ட் விட்டேக்கரின் கௌரவ வேடத்தை மட்டும் பரிந்துரை செய்துவிட்டு மற்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டார்கள். மான் மோத்மாவாக வரும் ஜெனவீவ் ஓ'ரெய்லியை எப்படி விட்டார்கள்?

மூன்றாவது எபிசோடில் மான் மோத்மாவின் மகளுக்குக் கல்யாணம். தன் சிறு வயது நண்பனைக் கொன்றுவிடப் போகிறார்கள் என்பதும், தான் நடத்தும் ரகசிய வேலையைக் காப்பாற்றத்தான் அது நடக்கிறது என்பதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. தடுக்க முடியாது, அழக்கூட முடியாது, சுற்றிலும் விருந்தினர்கள். குடித்துவிட்டு ஆடப் போகிறாள். அடித்து நொறுக்கும் இசைக்குக் கையைத் தூக்கி, கண்ணை மூடி, சுற்றிச் சுற்றி ஆடுகிறாள், பார்ப்பவர்களுக்கு அது கொண்டாட்டம். ஒரு வசனம் இல்லை. ஒன்பதாவது எபிசோடில் அதே பெண் சபையில் எழுந்து நின்று, நடந்த படுகொலையை இனப்படுகொலை என்று அதன் பெயரைச் சொல்லியே அழைக்கிறாள். அந்தப் பேச்சைத்தான் எல்லோரும் புகழ்ந்தார்கள். அந்த ஆட்டம் இல்லாமல் அந்தப் பேச்சு இல்லை என்பது என் கட்சி. சிறந்த நடிகை விருதை நான் அவருக்கே கொடுக்கிறேன்.

பக்கத்திலேயே எலிசபெத் டுலாவ். தன்னை வளர்த்த மனிதர் எதிரியின் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார், விழித்தால் சித்திரவதை செய்து எல்லா ரகசியத்தையும் கறந்துவிடுவார்கள். அவர் உயிரைத் தாங்கும் கருவியை நிறுத்துவதற்காகவே, டுலாவ் நடித்த கிளேயா என்ற பெண் மாறுவேஷத்தில் உள்ளே போகிறாள். போகிற வழியெல்லாம் சின்ன வயதில் அவர் அவளை எடுத்து வளர்த்தது வந்துபோகிறது. அறைக்குள் போனதும் அழுது தீர்க்க அவளுக்கு நேரமே இல்லை, குனிந்து ஒரு முத்தம், அவ்வளவுதான்.

சத்தமில்லாமல் முடிந்த ஒரு தொடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'சம்படி சம்வேர்', சீசனுக்கு ஏழு என்று மூன்று சீசன், 2024 டிசம்பர் 8இல் முடிந்தது. நடுவயதில் சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு பெண்ணும் அவளுடைய நண்பனும், பெரிய திருப்பம் எதுவும் கிடையாது. நண்பனாக வந்த ஜெஃப் ஹில்லருக்கு எம்மி என்று அறிவித்தபோது அவராலேயே நம்ப முடியவில்லை. கடைசியில் அவள் தயங்கித் தயங்கி மேடையில் ஏறிப் பாடுகிறாள், அவளைப் பிடித்தவர்கள் கீழே நின்று கேட்கிறார்கள். நல்ல முடிவுக்கான விருது இதற்கு. முடிக்க விடாமல் நிறுத்தப்பட்ட 'தி வீல் ஆஃப் டைம்' தொடருக்கு என் அனுதாபம், மூன்றாவது சீசனில்தான் அது நன்றாக வந்தது, முடிந்த அடுத்த மாதமே, மே மாதத்தில், நிறுத்திவிட்டார்கள். மூன்று சீசன் கூடவே நடந்து வந்தவர்களைப் பாதி வழியில் இறக்கிவிடுவது தப்பு. ஒரே ஒரு எபிசோடாவது கொடுத்து முடிக்க விட்டிருக்கலாம். 'தி பிட்' தொடரைப் பாருங்கள், 2026 ஜனவரியிலேயே இரண்டாவது சீசன் வந்துவிட்டது, சரியாக ஒரு வருடம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை விருதுச் செய்தி போடும்போது, ஜெயித்தவர்களின் படத்துக்குப் பக்கத்தில் வாசகர்களுக்கு என்று கால் பக்கம் ஒதுக்குங்கள். ஆளுக்கு ஒரு காட்சி எழுதி அனுப்பட்டும். நான் பார்க்காமல் விட்டவை எத்தனையோ இருக்கும், அவற்றைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாமல் வெட்ட வேண்டியிருந்தால் எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். அந்த நான்கு வாக்கியங்களை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி